ஏடு பெயர்த்தெழுதுபவரும் ஆம்ப்ளிஃபயரும்

ஆம்ப்ளிஃபயருக்குத் தமிழில் இன்னும் ஒரு நல்ல சொல் நிலைபெறவில்லை. பெருக்கி என்று அகராதிகள் சொல்கின்றன. ஒலிபெருக்கி என்று சொன்னாலோ, கேட்பவர் மனத்தில் எழுவது ஆடி மாதத்துக் கோயில் கொடையில் புளியமரக் கிளையில் கட்டப்படும் குழாய் ஸ்பீக்கர். மின்னலையைப் பெரிதாக்கும் பெட்டியும், அந்த அலையைக் காற்றின் அசைவாக மாற்றும் கருவியும் நம் மொழியில் ஒரே பெயருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. பெயர்க் குழப்பம் சிறிதே. ஆயினும் அது பொருட் குழப்பத்துக்கு வழிகோலுகிறது. வீட்டில் ஒலிக்கும் இசை மனத்துக்கு நிறைவாக இல்லை என்றால், குறை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அறியாமலேயே இலட்சங்களைச் செலவிடும் அன்பர்களை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனவே இக்கட்டுரையில் வழக்கை ஒட்டி ஆம்ப்ளிஃபயர் என்றும் ஸ்பீக்கர் என்றும் பிரித்தே எழுதுகிறோம்.

கவிதையும் கதையும் பேசும் இடத்தில் இது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. இங்கு வாசிப்போரில் பலர் இசை கேட்போர். மேலும், உயர்விலை ஆம்ப்ளிஃபயர் பற்றிய பேச்சு முழுவதும் ரசனை பற்றிய பேச்சு; மூலம், பிரதி, உரை, மதிப்புரை ஆகியவை பற்றிய பேச்சு. இவை தமிழ் மாணவர்க்குப் புதியவை அல்ல.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நன்கு வடிவமைக்கப்பட்ட ஓர் ஆம்ப்ளிஃபயரைத் தேர்வதில் செவியின் பங்கைக் காட்டிலும் கணக்கின் பங்கே பெரிது. ஒரு குறிப்பிட்ட தகுதிக்கு மேல் கொடுக்கும் விலை ஒலிக்குக் கொடுப்பதன்று. பெட்டியின் அழகுக்கும் பெயருக்கும் கொடுப்பது. அழகுக்குக் கொடுப்பதில் தவறில்லை. அதை ஒலிக்குக் கொடுத்ததாக நம்பிக்கொள்வதுதான் தவறு.

*

நம்முடன் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியர் ஒருவர், ஓய்வூதியப் பலன்கள் கைக்கு வந்த மாதத்தில் நம்மை அழைத்தார். ஒரு கடையில் ஒரு மணி நேரம் அமர்ந்து இசை கேட்டிருக்கிறார். ஏழு இலட்ச ரூபாய் விலையில் ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். "தம்பி, நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியே தொண்டை போய்விட்டது. காதும் போவதற்குள் நல்லபடியாகக் கேட்டுவிட வேண்டும்" என்றார்.

இச்சொற்களை எளிதாகத் தள்ளிவிட இயலாது. அறுபதைக் கடந்தவரின் செவி மேல்சுரங்களின் அதிர்வெண்களைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டே வரும். அது இயற்கை. அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. அந்த அச்சத்துக்கு ஏழு இலட்ச ரூபாய்ப் பெட்டி மருந்தாகுமா என்பதே கேள்வி. ஒரு மனிதரின் சேமிப்பும், அவர் செவிக்கு எஞ்சியுள்ள ஆண்டுகளும் இதில் அடங்கியிருப்பதால்தான் இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தியாக எழுத நம்மால் முடியவில்லை.

*

ஆம்ப்ளிஃபயர் செய்யும் வேலை யாது? சிறிய மின்னலை ஒன்று உள்ளே வருகிறது. அதே வடிவில், அளவில் மட்டும் பெரிதாக, வெளியே போக வேண்டும். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுபவரின் வேலையும் இதுவே. செல்லரித்த பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்கு எழுத்தை மாற்றுபவர் தம் கவித்திறத்தைக் காட்ட வேண்டியதில்லை. காட்டினால் இடைச்செருகல் நேரும். கவனம் பிசகினால் பாடபேதம் நேரும். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சுவடி சுவடியாக ஒப்பிட்டு உழைக்க நேர்ந்தமைக்குப் பெயர்த்தெழுதியோர் விட்டுச்சென்ற இத்தகைய தடங்களே காரணம். மிகச் சிறந்த ஏடெழுதுபவர், தாம் இருந்ததற்கே அடையாளம் இல்லாதபடி எழுதிச் செல்பவர்.

பொறியாளர்களும் இந்த இலக்கையே கொண்டிருந்தனர். இங்கிலாந்தின் குவாட் நிறுவனத்தை நிறுவிய பீட்டர் வாக்கரின் பெயரோடு சேர்த்து ஒரு கருத்து வழங்கிவருகிறது: ஆம்ப்ளிஃபயர் என்பது அலையைப் பெரிதாக்கும் வெறும் கம்பியாக இருக்க வேண்டும் என்பதே அது. அந்த இலக்கை எட்டும் வழியும் நெடுநாளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1927 ஆகஸ்டில், பெல் ஆய்வுக்கூடத்தின் ஹரால்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் செல்லும் வழியில், கையிலிருந்த நாளிதழின் பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டார். வெளியே போகும் அலையின் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துவந்து, உள்ளே வரும் அலையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை அவ்வப்போதே திருத்திக்கொள்வது அவர் கண்ட முறை. எதிர்ப்பின்னூட்டம் என்று இதனை அழைக்கிறார்கள். பெயர்த்தெழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டு எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கும் வேலையன்றி இது வேறில்லை.

1947இல் டி.டி.என். வில்லியம்சன் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை வெளியிட்டார். அதன் திறன் 15 வாட், சிதைவு 0.1 விழுக்காட்டுக்கு மிகாதது. உலகெங்கும் ஆர்வலர்கள் அதைத் தம் கையாலேயே செய்து பார்த்தனர். அதாவது, செவி எளிதில் குறைகாண முடியாத பிரதியை எழுதும் கலை எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கைவந்துவிட்டது. அதன் பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, விலை குறைந்தது. 1978இல் வெளிவந்த நாட் 3020 என்னும் 20 வாட் பெட்டி, மாணவர்களும் வாங்கக்கூடிய விலையில் நல்லொலியைத் தந்து உலகப் புகழ் பெற்றது.

*

அப்படியாயின் உயர்விலைப் பெட்டிகள் வேறாக ஒலிக்கின்றன என்று சொல்வோர் பொய்யுரைக்கிறார்களா? இல்லை. அவர்கள் கேட்டதைச் சொல்கிறார்கள். ஆனால் கண்ணையும் விலைச்சீட்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். பெட்டியைத் திரைக்குப் பின்னே வைத்துவிட்டால் கதை மாறுகிறது.

குவாட் நிறுவனம் தன்னுடைய மூன்று தலைமுறைப் பெட்டிகளை, அதாவது 1953இன் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் பின்வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டையும், மறைத்து வைத்துத் தேர்ந்த செவியாளர்களைக் கேட்கச் செய்தது. 1978இல் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் முடிவு வெளியாயிற்று. எது எது என்று பிரித்தறிய அவர்களால் இயலவில்லை. சோதனையை நடத்தியது விற்பவர் தரப்பு என்பது உண்மைதான். ஆயினும், பழைய பெட்டிக்கும் புதிய பெட்டிக்கும் வேறுபாடு தெரியவில்லை என்னும் முடிவால் விற்பவர்க்கு என்ன ஆதாயம் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

1985இல் நடந்தது இதைவிடச் சுவையானது. அமெரிக்க வடிவமைப்பாளர் பாப் கார்வர், தம்முடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை, 'ஸ்டீரியோஃபைல்' இதழின் ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் எந்த உயர்விலைப் பெட்டியைப் போலவும் ஒலிக்கச் செய்துகாட்டுவதாக அறைகூவல் விடுத்தார். அவர்கள் பன்மடங்கு விலையுள்ள வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தனர். கார்வர் இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எஞ்சும் வேறுபாட்டை அளந்து, தம் பெட்டியின் சுற்றைச் சிறிது சிறிதாக மாற்றினார். இறுதியில் அந்த ஆசிரியர்களே வேறுபாடு காண இயலாமல் ஒப்புக்கொண்டனர். 1987 ஜனவரி 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் ஏறத்தாழ 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வு இணை வரையிலான ஆம்ப்ளிஃபயர்களை மறைத்துவைத்துச் சோதித்தது. அங்கும் பிரித்தறிய முடியும் என்பதற்குச் சான்று கிட்டவில்லை.

கார்வரின் நிகழ்ச்சி நமக்குக் கற்பிப்பது இரண்டு. முதலாவது, வேறுபாடு என ஒன்று இருந்தால் அது அளக்கத்தக்கது. இரண்டாவது, அளக்கத்தக்கதாயின் மலிவிலேயே செய்யத்தக்கது. அந்த வால்வுப் பெட்டியின் தனிச்சுவை ஒரு மர்மமாக இருக்கவில்லை. சில எண்களாக இருந்தது.

*

எனவே எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மறுகோடி மூடநம்பிக்கை. வேறுபாடு செவிக்கு எட்டும் இடங்கள் மூன்று உண்டு.

முதலாவது, வெளியீட்டு மின்மறுப்பு. ஸ்பீக்கரின் மேல் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் உண்மையில் அது அதிர்வெண்ணுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் 4 ஓம், மற்றோரிடத்தில் 20 ஓம் என்று ஏறி இறங்கும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு மிகச் சிறிதானால் இதனால் தீங்கில்லை. பல வால்வுப் பெட்டிகளில் உள்ளதுபோல் அது 2 ஓம் ஆனால், 4 ஓம் இடத்துக்கும் 20 ஓம் இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 2.7 டெசிபல் வேறுபாடு விழும். அது செவிக்கு நன்றாகவே தெரியும். வால்வின் குழைவு, வெம்மை என்றெல்லாம் போற்றப்படுவதில் ஒரு பங்கு இந்தக் கணக்குதான்.

இரண்டாவது, திறன் போதாமை. 87 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 87 டெசிபல் ஒலிக்கும் என்று பொருள். இரண்டு ஸ்பீக்கர், சுவர்களின் எதிரொலி, 3 மீட்டர் தள்ளி நாற்காலி என்று கூட்டிக் கழித்தால் கேட்பவர் செவியில் ஏறத்தாழ 83 டெசிபல். வீட்டில் நாம் இயல்பாகக் கேட்பது 70 முதல் 75 டெசிபல் அளவில். இதற்கு வேண்டியது பத்தில் ஒரு வாட்! மிருதங்கத்தின் ஓங்கிய சொல்லொன்று சராசரியை விட 20 டெசிபல் எழுகிறது என்று கொண்டால், அந்தக் கணத்துக்கு நூறு மடங்கு, அதாவது 10 வாட் வேண்டும். கூடத்தை அதிரவைக்கும் அளவில், சராசரி 85 டெசிபலில் கேட்பவர்க்கு அதே கணக்கில் 160 வாட் வரை தேவைப்படும். இதற்குக் குறைந்த பெட்டி உச்சங்களை வெட்டும். அப்போது ஒலி கரகரக்கும். மற்றொன்றும் நினைவில் வைக்க வேண்டும். 50 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு 3 டெசிபல் மட்டுமே. ஒலி இருமடங்காகச் செவிக்குத் தோன்ற வேண்டுமாயின் திறன் பத்து மடங்காக வேண்டும்.

மூன்றாவது, இரைச்சல். உணர்திறன் மிக்க ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்போர்க்கு, பாட்டு இல்லாத இடங்களில் ஆம்ப்ளிஃபயரின் சீறல் கேட்கும். பிறர்க்கு இது பெரும்பாலும் சிக்கலன்று.

இம்மூன்றையும் கடந்த பெட்டி என்றால், ஏடெழுதுபவர் தேர்ச்சி பெற்றவர் என்று கொள்ளலாம்.

*

திறனைச் சொல்லும்போது பி.எம்.பி.ஓ. என்னும் சொல்லை நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. 1990களில் நம் வீடுகளுக்கு வந்த டூ-இன்-ஒன் பெட்டிகளின் நெற்றியில் ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று பொறித்திருப்பார்கள். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரமோ நூறு வாட்டைத் தொடாது. சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்தியாவது நடந்த போர்களைச் சற்றே மிகைப்படுத்தியது. பி.எம்.பி.ஓ. நடவாத போரின் மெய்க்கீர்த்தி. அமெரிக்காவில் இத்தகைய மிகையைத் தடுக்க 1974இலேயே அரசு ஆணையம் விதி வகுத்தது. 2024இல் அதனைத் திருத்தி இறுக்கியது. வாங்குவோர் கேட்க வேண்டியது ஒன்றே: இரண்டு தடங்களும் ஒருசேர இயங்கும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இன்ன சிதைவுக்கு மிகாமல், 8 ஓமிலும் 4 ஓமிலும் தொடர்ந்து எத்தனை வாட்?

உயர்விலைப் பெட்டிகளின் உலகில் பி.எம்.பி.ஓ. இல்லை. அங்கு அதன் இடத்தைப் பிடித்திருப்பவை உரிச்சொற்கள். இருண்ட பின்னணி, பட்டுப் போன்ற மேல்சுரம், விரிந்த மேடை, மூச்சுவிடும் குரல் என்று மதிப்புரைகள் பெருகுகின்றன. இவற்றைப் படிக்கும்போது நன்னூல் நினைவுக்கு வருகிறது. சிறப்புப்பாயிரம் எழுதத் தக்கோர் ஆசிரியர், உடன் பயின்றோர், மாணாக்கர், உரைகாரர் என்று நான்கு பேரை அது வகுக்கிறது. நால்வருமே நூலாசிரியர்க்கு வேண்டியவர்கள் என்பதை எண்ணி நாம் வகுப்பில் சிரிப்பதுண்டு. பெட்டியைக் கடனாகப் பெற்று, அதே நிறுவனத்தின் விளம்பரத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதும் மதிப்புரையாளர் இந்நால்வரும் ஒருவராக வந்தவர். பாயிரத்தைப் படிப்பதில் தவறில்லை. பாயிரமே நூல் என்று மயங்கலாகாது.

சொல்லுக்கு உரிய பொருள் கரைந்துபோவது தமிழாசிரியர்க்கு வருத்தம் தரும் செய்தி. சுருதி, கமகம், கார்வை என்று ஒலியைத் துல்லியமாகக் குறிக்கும் சொற்களை வைத்திருக்கும் மரபில் வந்தவர்கள் 'இசைத்தன்மை மிக்க ஆம்ப்ளிஃபயர்' என்னும் பொருளற்ற தொடரை வெட்கமின்றி எழுதுகிறார்கள். இசைத்தன்மை பாடுபவரிடம் இருப்பது. பெட்டியிடம் இருந்தால் அது இடைச்செருகல்.

*

வால்வு அன்பர்கள் இதற்கு மறுமொழி வைத்திருக்கிறார்கள். 'சேர்க்கட்டுமே! எமக்கு அது இனிக்கிறது' என்பார்கள். இவ்வாதத்தை நாம் மதிக்கிறோம். நச்சினார்க்கினியர் ஓரடியில் உள்ள சொல்லை எங்கோ இருக்கும் மற்றோரடியில் கொண்டுபோய்ப் பூட்டிப் பொருள் சொல்வார். பாட்டின் இயல்பான ஓட்டத்தைக் குலைக்கிறது என்று மறைமலையடிகள் முதலானோர் கண்டித்தனர். ஆயினும் நச்சினார்க்கினியர் உரையில் ஓர் இன்பம் உண்டு. அதற்கென்றே அதைப் படிப்பவர்கள் உண்டு. ஆனால் அது உரை என்று தெரிந்தே படிக்கிறோம். மூலமே அதுதான் என்று எவரும் சாதிப்பதில்லை. இரண்டாம் இசையம் சற்றே கூடிய வால்வொலியை விரும்புபவர், 'இது என் ரசனை' என்று சொன்னால் நமக்கு வழக்கில்லை. 'இதுவே உண்மையான ஒலி, உம்முடையது செத்த ஒலி' என்னும்போதுதான் வழக்கு எழுகிறது.

உரைகாரராக நடந்துகொள்ளும் உரிமை உள்ள கருவி வேறொன்று உண்டு. அதுவே ஸ்பீக்கர். எந்த ஸ்பீக்கரும் மூலத்தை அப்படியே தருவதில்லை. நல்ல ஸ்பீக்கரே 3 டெசிபல் மேலும் கீழும் அலைகிறது. ஓங்கிய கீழ்ச்சுரங்களில் விழுக்காட்டுக் கணக்கில் சிதைக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் சிதைவை ஆயிரத்தில் ஒன்றாகவும் பதினாயிரத்தில் ஒன்றாகவும் குறைத்தபின், நூற்றில் ஒன்றாக நிற்கும் ஸ்பீக்கரை விட்டுவிட்டு மீண்டும் ஆம்ப்ளிஃபயரையே மாற்றிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

அடுத்த உரைகாரர் அறை. நம் வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை வழக்கம். பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸிலும், பத்தடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸிலும் அறை தானே முழங்கும். அந்த முழக்கத்தின் அருகே 10 டெசிபல் ஏற்றத்தாழ்வு சாதாரணம். சிமெண்டுச் சுவர், பளிங்குத் தரை, கண்ணாடிச் சன்னல் என்றால் மேல்சுரங்கள் பந்துபோல் எகிறித் திரும்பும். தரையில் தடித்த விரிப்பு, சன்னலுக்குக் கனத்த திரை, பின்சுவரில் உயரமும் தாழ்வுமாக அடுக்கிய புத்தக அலமாரி ஆகிய மூன்றும் செய்யும் நன்மையை எந்த ஆம்ப்ளிஃபயரும் செய்யாது. இலக்கிய வாசகர்கள் வீட்டில் அலமாரிக்குப் பஞ்சமில்லை என்பது நம் பேறு.

*

நம் இசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1973இல் ஹாரி பியர்சன் தொடங்கிய 'தி அப்சொல்யூட் சவுண்ட்' இதழ், மைக் இல்லாமல் அரங்கில் ஒலிக்கும் இசையே உரைகல் என்றது. மேலைச் செவ்வியல் இசைக்கு அது பொருந்தும். நம்மில் பெரும்பாலோர் கச்சேரி கேட்டதே சபாவின் ஸ்பீக்கர் வழியாகத்தான். வீட்டில் வைத்துக் கேட்பதோ பழைய வானொலிப் பதிவு, கச்சேரியில் எவரோ வைத்திருந்த கேசட், எண்பதுகளின் இசைத்தட்டு. கேசட்டின் சீறல் இசைக்கு 50, 60 டெசிபல் கீழேதான் நிற்கும். எந்த நல்ல ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலும் அதற்கு மிகமிகக் கீழே. செல்லரித்த ஏட்டுக்குப் பொன்னெழுத்தாணி எதற்கு? அந்தப் பணத்தில் நல்ல பதிவுகளைத் தேடலாம்.

நம் நாட்டின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். 'ஏ' வகுப்புப் பெட்டிகள் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒரே அளவில் சூடாகிக்கொண்டிருப்பவை. 25, 30 வாட் கொடுப்பதற்கு 200 வாட் அளவில் எப்போதும் உண்ணும். நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் மாதத்துக்கு 18 யூனிட். மே மாதச் சென்னையில் அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. உண்ணும் மின்சாரம் தனி. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் 10 டிகிரி சூடு ஏறுந்தோறும் பாதியாகும் என்பது பொறியாளர் வாய்பாடு. இதற்கு மறுமுனையில் 'டி' வகுப்பு நிற்கிறது. பிலிப்ஸில் பணியாற்றிய புரூனோ புட்செய்ஸ் வகுத்த வழியில் இன்றைய ஹைபெக்ஸ், பியூரிஃபை சுற்றுப்பலகைகள் கைதாங்கும் சூட்டில், நூற்றுக்கணக்கான வாட் திறனில், மிகக் குறைந்த சிதைவோடு இயங்குகின்றன. அதே பலகை வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகளுக்குள் வெவ்வேறு விலையில் அமர்ந்திருப்பதையும் காணலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிகளில் எச்சரிக்கை தேவை. ஜப்பானின் உள்ளூர்ப் பெட்டி 100 வோல்ட்டுக்கு உரியது. அமெரிக்காவினது 120 வோல்ட்டுக்கு. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் மிஞ்சும். பழுதுபார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது.

இந்தப் பழுதுபார்ப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ரிச்சி தெருவில் உதிரிகளை வாங்கிவந்து, எஸ்.டி.கே. ஐ.சி.யிலும் பின்னர் 5200, 1943 டிரான்சிஸ்டர் இணைகளிலும் 'அசெம்பிள் செட்' கட்டிக்கொடுத்த கைகள் கோவையிலும் மதுரையிலும் இன்றும் இருக்கின்றன. நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் அகன்ற வெப்பத்தகடும் வைத்து நேர்மையாகக் கட்டிய செட் பல இறக்குமதிப் பெட்டிகளுக்குத் தோற்றத்தில் மட்டுமே தாழ்ந்தது.

*

பேராசிரியரின் கதைக்கு வருவோம். அவர் வீட்டில் இருபது ஆண்டுப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. கடைக்காரரிடம் புதிய பெட்டியை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்கச் சொன்னோம். ஒப்பிட்டபோது வேறுபாடு தெரிந்தது. பழையதில் ஓர் உறுமல் கேட்டது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் அதன் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மாற்றிக் கொடுத்தார். மீண்டும் ஒப்பிட்டோம். இரண்டு பெட்டிகளின் ஒலி அளவையும் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து ஒரு விழுக்காட்டுக்குள் சமன் செய்தோம். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் இனிமையாகத் தோன்றும் ஆதலால் இது இன்றியமையாதது. திரைக்குப் பின்னே நாணயம் சுண்டி எதை இணைப்பது என்று முடிவு செய்தோம். பதினாறு முறை கேட்டுப் பன்னிரண்டு முறையாவது சரியாகச் சொன்னால்தான் குருட்டாம்போக்கு அன்று என்று கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அது நேர நூற்றில் நான்கு வாய்ப்பே உண்டு. ஐயாவால் அந்த எண்ணிக்கையை எட்ட இயலவில்லை. நம்மாலும் இயலவில்லை.

இரவல் பெட்டி கடைக்குத் திரும்பியது. புதிய ஸ்பீக்கர் இணை ஒன்றும் தரைவிரிப்பு ஒன்றும் வந்தன. செவியைப் பரிசோதித்துக்கொள்ளவும் அவரை இசைவித்தோம். மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது.

*

உயர்விலை ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கருதும் அன்பர்கள் இந்த வரிசையில் எண்ணிப்பார்க்கலாம். முதலில் ஸ்பீக்கர், அடுத்து அறை, அதன்பின் அந்த ஸ்பீக்கருக்கும் அந்த அறைக்கும் எத்தனை வாட் வேண்டும் என்னும் கணக்கு. அதற்குப் போதிய திறன், 4 ஓமிலும் தளராமை, குறைந்த வெளியீட்டு மின்மறுப்பு, கேளாத இரைச்சல், கைக்கெட்டும் தொலைவில் பழுதுபார்ப்பு ஆகியவை அமைந்த பெட்டி எந்த விலையில் கிடைக்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். இசைத்தட்டு கேட்பவர் போனோ இணைப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு மேல் கொடுக்க விரும்புவோர், செதுக்கிய அலுமினிய முகப்புக்கும் நீலநிற மானிக்கும் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்கட்டும். அழகிய பொருள் வீட்டில் இருப்பது மகிழ்ச்சிதான்.

செவிக்கு முதுமை உண்டு; கேட்க வேண்டியவை மிகுதி. பெட்டியைப் பற்றிய பேச்சு விரைவில் முடிந்து பாட்டைப் பற்றிய பேச்சு தொடங்கும் வீட்டில்தான் நல்ல ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது என்பது நம் துணிபு.